ஆர்வில் வாளியோடு வந்தால்

பெலிண்டன் சினிமா ஸ்டுடியோவில் ஆர்வில் டாட்ஸன் பெயின்ட் வாளியோடு நடந்துவந்தால் பெரிய மனிதர்கள் ஜன்னலுக்கு ஓடிவந்து எட்டிப்பார்ப்பார்கள். கார் நிறுத்துமிடத்தில் அதிகாரிகளின் பெயரைத் தரையில் எழுதுவதும் அழிப்பதும் அவன் வேலை. வேலை போன செய்தியை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். காலையில் வருகிறவர் தன் பெயர் இருந்த இடத்தில் ஈரம் காயாத சாம்பல் பெயின்டைப் பார்ப்பார். அப்படியே காரைத் திருப்பிக்கொண்டு போவார். சீட்டைக் கிழிப்பதில் அவ்வளவு நாசூக்கு.

ஆர்வில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாம் புரிந்தது. பெலிண்டன் சகோதரர்கள் முதலாளிகள். அண்ணன் திட்டுவார், தம்பி சமாதானம் செய்வார். படமும் அவர்களுடையது, அதை ஓட்டும் தியேட்டரும் அவர்களுடையது. பிறகு, படம் எடுப்பவர்களே தியேட்டரும் வைத்திருக்கக் கூடாது, விற்றாக வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஜனங்கள் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். ஊரைக் கூட்டி எடுத்த பெரிய பாட்டுப் படம் கையைச் சுட்டது. டப்பா சூப் விற்கும் கம்பெனி ஸ்டுடியோவை வாங்கியது. அந்த சூப் கம்பெனியையே ஒரு மெத்தைக் கம்பெனி விழுங்கியது. படப்பிடிப்புத் தெருக்கள் இருந்த நிலத்தில் இப்போது வீடு கட்டுகிறார்கள். மெத்தைக்காரன் இதை ஏன் வாங்கினான், வாங்கியவன் ஏன் இடிக்கிறான்? யோசித்த ஆர்விலுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அன்று காலை மேஸ்திரி வந்து லேங்கரின் பெயரை அழிக்கச் சொன்னார். மதியம்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாதாம். ஆர்வில் வாளியைக் கீழே வைத்துவிட்டான். படத் தயாரிப்புக்குத் தலைவர் லேங்கர். அவருடைய செக்ரட்டரி ஈடித், ஆர்விலின் மனைவி. தலைவர் போனால் செக்ரட்டரியும் கூடவே போக வேண்டியதுதான். ஈடித்துக்கோ அந்த வேலைதான் உயிர்.

மனதைக் கல்லாக்கிக்கொண்டு அழித்தான். சற்று நேரத்தில் சூப் கம்பெனி ஆள் ஓடிவந்து, மறுபடி எழுது என்றார். எழுதினான். மெத்தைக் கம்பெனி ஆள் வந்து, யாரைக் கேட்டு எழுதினாய் என்று கத்தினார். திரும்ப அழித்தான். யாருக்கு வேலை செய்கிறோம் என்பதே விளங்காமல், சாப்பாட்டு வேளையில் கேன்டீனுக்குப் போனான். ஈடித் தனியாக உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஈடித், லேங்கர் பேரை அழிச்சுட்டேன்."

"தெரியும். அந்த ஆர்டரை டைப் அடிச்சதே நான்தான்."

"அப்ப உன் வேலை?"

"லேங்கர் இடத்துக்குப் புதுசா வர்ற ப்ரூயிட்டுக்கு இங்க எது எங்க இருக்குன்னே தெரியாது. என்னை இருக்கச் சொல்லிட்டாரு."

ஆர்விலுக்கு உயிர் வந்தது. வந்ததும் கோபமும் வந்தது.

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? காலையிலேருந்து வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்."

"உன்கிட்ட சொன்னா உன் மூஞ்சியே ஊர் பூரா சொல்லிடும்."

அது உண்மைதான் என்பதால் சிரித்துவிட்டான். கேன்டீன் ஆளிடம் ஒரு கேக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, ப்ரூயிட் பெயரை எழுத இன்னும் ஆர்டர் வரவில்லையே, இன்றைக்கே எழுதிவிடட்டுமா என்று ஈடித்திடம் கேட்டான்.

ஈடித் ஸ்பூனைக் கீழே வைத்தாள். கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரே வேணாமாம், ஆர்வில். இனிமே வெறும் நம்பர்தான். ஆள் மாறினாலும் அழிக்கற வேலை இல்ல பாரு. நம்பரை வெளியாளுங்க வந்து போட்டுட்டுப் போயிடுவாங்க."

ஆர்விலுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது கேக் வந்துவிட்டிருந்தது.

"என் வேலை போற ஆர்டரையும் நீதான் டைப் அடிச்சியா?" என்று கேட்டான்.

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.