கறுப்புத் தராசும் பச்சைத் தராசும்

அந்தச் சிவப்புக் காரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காறித் துப்பத் தோன்றும். கார் மேல் தப்பு இல்லை. இரண்டே கதவு, பின் சீட்டைப் பிடுங்கிப் போட்டு லேசாக்கிய வண்டி. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் ரேஸுக்காகத் தயார் செய்தது. தப்பெல்லாம் அதைச் சுற்றி நின்ற மனிதர்களிடம். அவர்களில் நானும் ஒருவன்.

அப்போது நான் ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டி இருந்த ஒரு லாரி ஷெட்டில் ஃபிட்டர். ஐந்தாவது வரைதான் படிப்பு. யாராவது பேச்சுக் கொடுத்தால் கையில் இருக்கும் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன். முதலாளிக்கு இது வசதியாகப் போயிற்று. "அவன் ஊமைபா. அவனாண்ட இன்னா கேக்கறே, என்னைக் கேளு" என்று வருகிறவர்களிடம் சொல்வார். நான் ஊமை இல்லை என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை.

ஷெட்டுக்கு வருவதெல்லாம் உப்பு லாரி, கரி லாரி, மீன் லாரி. லாரிக்கு அடியில் குழிக்குள் நின்று வேலை செய்தால் மேலேயிருந்து மீன் தண்ணீர் கழுத்தில் சொட்டும். வீட்டுக்குப் போய் எத்தனை சோப்புப் போட்டாலும் சோற்றில் அந்த நாற்றம் வரும். அது பழகிவிட்டது. பழகாதது முதலாளியின் வெற்றிலை எச்சில். குழிக்குள் ஆள் இருக்கிறானா என்று பார்க்காமலே துப்புவார். தலையில் விழுந்தால், "சொல்றதில்லையா நைனா?" என்று சிரிப்பார்.

அந்தக் காரின் சொந்தக்காரர் மொத்தக் கரி வியாபாரம் செய்யும் ஒரு பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவர். முப்பது வயதிருக்கும். கப்பலில் வந்த ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே நான்கு ஷாக் அப்சர்பர். நாங்கள் லாரியில் பார்த்த மாதிரி இல்லை. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங். உடம்பில் பாதிக்கு மேல் மரை வெட்டியிருந்தது. மரையில் ஒரு வளையம், அதன் மேல் ஸ்பிரிங் உட்காரும். வளையத்தை மேலே திருகினால் அந்த மூலையில் பாரம் கூடும். கீழே இறக்கினால் குறையும்.

"முன்னாடி ரெண்டு சக்கரத்திலயும் ஒரே வெயிட் விழணும். நான் உள்ள உக்காந்திருக்கறப்போ பாக்கணும்" என்றார் கார்க்காரர்.

"அவ்ளோதானே சார்? தராசு நம்ப மச்சானாண்டயே கீது" என்றார் முதலாளி.

மச்சான் என்பது அவர் மனைவியின் தம்பி. அடுத்த சந்தில் பழைய இரும்புக்கடை. கடையில் தரையில் வைக்கும் பலகைத் தராசு இரண்டு உண்டு. ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. பலகையில் பாரத்தை ஏற்றி, மேலே கம்பியில் குண்டைத் தள்ளி எண்ணைப் பார்க்க வேண்டும். நான்கு ஷாக் அப்சர்பரையும் காரில் மாட்டிவிட்டு, இரண்டு தராசையும் கைவண்டியில் வைத்து நாங்களே தள்ளிக்கொண்டு வந்தோம். இடது முன்சக்கரத்துக்கு அடியில் கறுப்பு, வலது முன்சக்கரத்துக்கு அடியில் பச்சை. பின்சக்கரங்களுக்கு அதே உயரத்தில் கட்டை. கார்க்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

முதலாளி எண்ணைச் சொல்லச் சொல்ல நான் வளையத்தைத் திருகினேன். இடது பக்கம் ஏற்று, ஏற்று என்றே சொன்னார். வலது பக்கம் இறக்கு, இறக்கு என்றார். எனக்குக் கையிலேயே ஏதோ சரியில்லாமல் பட்டது. டிரைவர் வலது பக்கம் உட்கார்கிறார், அதனால் அந்தப் பக்கம் பாரம் கூடுதல் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் இரண்டு கம்பியும் இருநூறு கிலோவில் நின்றன.

"பாத்துக்கோ சார், தங்கம் நிறுத்தா மாரி!" என்றார் முதலாளி.

இரண்டு நாளில் கார் திரும்பி வந்தது. ஷெட்டுக்குப் பக்கத்தில் சாலையை வெட்டிப் போகும் சரக்கு ரயில் தண்டவாளத்தைத் தாண்டும்போதெல்லாம் வலது முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். மூடிய கதவை யாரோ விரல் முட்டியால் தட்டுவது போல. அதோடு வேகமாகப் போய் பிரேக் பிடித்தால் வலது சக்கரம் வழுக்குகிறது, வண்டி இடது பக்கம் இழுக்கிறது.

கார்க்காரர் முகம் வெளுத்திருந்தது. "ஞாயித்துக்கிழமை ரேஸ். அங்க ஓரத்துல வெறும் கயிறுதான் கட்டியிருப்பாங்க. கயித்துக்கு அந்தப் பக்கம் ஜனம் நிக்கும். இப்படி இழுத்தா நான் நேரா அவங்க மேலதான் போவேன்."

அன்றைக்குச் செவ்வாய். முதலாளி வண்டியைக் குழி மேல் ஏற்றினார். சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்ட் நல்ல நிலையில்தான் இருந்தது; அதைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். எங்கிருந்தோ கழற்றின பழையதை மண்ணெண்ணெயில் கழுவிப் பளபளப்பாக்கி, "புதுசு சார்" என்று மாட்டச் சொன்னார். மாட்டியது நான்தான். சத்தம் போகவில்லை. புதன்கிழமை ரப்பர் புஷ்ஷை மாற்றினார். சத்தம் போகவில்லை. வியாழக்கிழமை கார்க்காரர் எதிரிலேயே என்னைக் காட்டி, "இந்த ஊமக் கஸ்மாலம் எந்த நட்டையோ டைட் பண்ணாம வுட்ருக்கான்" என்றார். நான் ஸ்பேனரைத் துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் ஒரு காரியம் செய்தேன். கார்க்காரரிடம் தண்டவாளத்தைக் கையால் காட்டி, மெதுவாக ஓட்டும்படி சைகை செய்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து காதால் கேட்டிருக்கலாம். அவருடைய சென்ட் வாசனைக்கு நடுவே அழுக்குச் சட்டையோடு உட்காரக் கூச்சமாக இருந்தது. அதனால் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சாலை ஓரத்தில் குப்புறப் படுத்தேன். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஓரம் என்றால் சாக்கடை ஓரம். மீன் செதிலும் இறால் தலையும் மிதக்கிற கறுப்புத் தண்ணீர் என் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குமிழி விட்டது.

மூட்டை தூக்குகிற ஆட்கள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

"இன்னா நைனா, காலைலயே சரக்கு ஏத்திகினியா?"

"இல்ல மாமு, சாக்கடைக்கு முத்தம் குடுக்கறாரு. வூட்ல சண்ட போலக்கீது."

கார் வந்தது. வலது சக்கரம் தண்டவாளத்தை விட்டுக் கீழே இறங்கிய அந்த நொடியில், ஸ்பிரிங்குக்கும் வளையத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. சக்கரம் மேலே வந்ததும் வெளிச்சம் மூடிக்கொண்டது. டொக்.

ஷெட்டுக்கு வந்து ஜாக்கி போட்டுத் தூக்கினேன். சக்கரம் தொங்கியதும் வலது ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துப் பார்த்தேன். ஆடும் பல் மாதிரி ஆடியது. இடது ஸ்பிரிங் கல் மாதிரி இறுகியிருந்தது. இரண்டு பக்கமும் மரையை எண்ணினேன். இடது வளையம் ஏழு மரை கூடுதலாக ஏறியிருந்தது. ஒல்லியாக ஒரு ஆள் வலது பக்கம் உட்கார்ந்ததற்கு இவ்வளவு வித்தியாசம் வராது. காரில் கோளாறு இல்லை. அப்படியானால் எண்ணில்தான் கோளாறு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

இரும்புக்கடையில் நாம் விற்கிற சாமானைக் கறுப்புத் தராசில் போடுவார்கள். அது குறைத்துக் காட்டும். நாம் வாங்குகிற சாமானைப் பச்சையில் போடுவார்கள். அது கூட்டிக் காட்டும். அந்தச் சந்தில் இது தெரியாதவர்கள் கிடையாது. பத்து வருஷமாக நானே பழைய பித்தளையைக் கறுப்பில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தவன். ஆனால் காரை அதன் மேல் ஏற்றியபோது எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. கடைக்கு வருகிற ஜனத்திடம்தான் தராசு பொய் சொல்லும், சக்கரத்திடம் எதற்குச் சொல்லப் போகிறது என்று மனசுக்குள் இருந்திருக்கிறது.

மத்தியானம், இன்னும் ஷெட்டிலேயே கிடந்த தராசுகளைக் கேட்டு மச்சான் வந்தார். முதலாளி பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். கார்க்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். தராசு பொய் என்று சொன்னால் முதலாளியின் மச்சானைத் திருடன் என்று சொல்வதாகும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கறுப்புத் தராசில் ஏறி நின்று, குண்டைத் தள்ளினேன். ஐம்பது. இறங்கிப் பச்சையில் ஏறினேன். அறுபது.

மூன்று பேரும் பார்த்தார்கள். முதலில் பேசியது மச்சான்தான்.

"இன்னாபா, நடுவுல பிரியாணி துன்னியா?"

முதலாளி வாயைத் துடைத்தார். "தெரிஞ்ச சேதிதானே? அதுக்கு ஏன்டா சர்க்கஸ் காட்றே?"

"தெரிஞ்சா அதுல ஏன் வண்டிய ஏத்துனீங்க?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"தோ பாருடா, ஊமை பேசுது! ரெண்டு பக்கமும் ஒரே நம்பர் வரணும்னாரு சாரு. வந்துச்சா இல்லியா?"

நான் கார்க்காரரைப் பார்த்தேன். அவர் முதலாளியின் சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். உயிர் போகவிருந்தது அவருக்கு. அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தார்.

"எங்க கிடங்குலயும் ரெண்டு வச்சிருக்கோம்யா. வாங்கறதுக்கு ஒண்ணு, விக்கறதுக்கு ஒண்ணு. நானே மொதல்ல கேட்டிருக்கணும். போச்சு பாரு!"

மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். முதலாளி அவருக்கு ஒரு பஜ்ஜி நீட்டினார். எண்ணெய் சொட்டச் சொட்ட அவர் அதை வாங்கித் தின்றார். நான் வெளியே போய்ச் சாக்கடையில் துப்பிவிட்டு வந்தேன்.

வேலையை நானே முடித்தேன். கறுப்புத் தராசை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரு சக்கரத்துக்கு அடியில் தராசு, மற்ற மூன்றுக்கும் அதே உயரத்தில் கட்டை. ஒரு பக்கம் நிறுத்துப் பார்த்துவிட்டு, ஜாக்கி போட்டுத் தராசை அடுத்த பக்கத்துக்கு மாற்றினேன். பொய் சொல்வது ஒரே தராசு என்றால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பொய்தான், பாரம் சமமாகிவிடும். இடது வளையத்தை இறக்கினேன், வலதை ஏற்றினேன். பத்துத் தடவைக்கு மேல் ஜாக்கி போட்டிருப்பேன். முதலாளி மேஜை இழுப்பறையில் வைத்திருந்த நல்ல பால் ஜாயிண்ட்டையும் கேட்காமல் எடுத்து மாட்டினேன். அவர் பார்த்துவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் கார் தண்டவாளத்தைத் தாண்டியது. டயர் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிரேக் பிடித்தால் கோடு போட்ட மாதிரி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வந்தார் என்றார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் பார்க்கப் போகவில்லை.

திங்கட்கிழமை காலை இரண்டு தராசையும் கைவண்டியில் வைத்துக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வாசலில் காசிமேட்டுக்கார அம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சாக்குப்பை. கிழிந்த வலையிலிருந்து பிரித்தெடுத்த ஈயக் குண்டுகள். தராசு இல்லை என்று இரண்டு நாளாக வந்து வந்து போகிறாளாம். நான் இறக்கி வைத்த கறுப்புத் தராசின் மேலேயே மச்சான் பையைத் தூக்கிப் போட்டார். கம்பியில் குண்டைத் தள்ளினார்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழுந்து வந்து என் கையைத் தொட்டாள்.

"நைனா, நீ சொல்லு. வூட்டாண்ட தூக்கிப் பாத்தேன், பத்துக் கிலோ வரும்னு நெனச்சேன். எவ்ளோ கீது?"

மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார். "ஏறி நின்னு காட்டேன்பா" என்று கேட்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

நான் கம்பியைப் பார்த்தேன்.

"ஒம்பது" என்றேன்.

"ஒம்பதுதானா? சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். காலியான சாக்குப்பையை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவள் தொட்ட கையை நான் சட்டையில் துடைத்தேன். அவள் கையில் மீன் வாடை இருந்தது உண்மைதான். ஆனால் துடைத்தது அதற்காக இல்லை.