அங்கன்வாடிக்கு வந்த நெத்திலி

போன வாரம் ஆலந்தலையிலிருந்து ஜெசிந்தா போன் பண்ணினார். ஹலோ கூட இல்லை.

"சார், ஆர்டர் வந்துட்டு!"

பின்னால் நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம். எந்த ஆர்டர் என்று நான் கேட்கவில்லை. தூத்துக்குடி ஆபீஸில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றுவிட்டேன்.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். உணவுக் கொள்கை ஆராய்ச்சி. யார் என்ன சாப்பிடுகிறார்கள், ஏன் சாப்பிடவில்லை, அரசாங்கம் என்ன செய்தால் நல்லது... இதையெல்லாம் தேடி எழுதிக் கொடுப்பது. எழுதிக் கொடுத்த பிறகு? பெரும்பாலும் ஒரு டீயும் பிஸ்கட்டும் கிடைக்கும். அவ்வளவுதான்.

இந்த முறை எங்கள் கேள்வி சின்னது. கடற்கரையில் நெத்திலி வந்து குவிகிறது. அதில் பாதிக்கு மேல் கோழித் தீவனத்துக்கு லாரி ஏறிவிடுகிறது. அதே ஊர் அங்கன்வாடியில் பிள்ளைகள் ரத்தசோகையோடு சோர்ந்து கிடக்கிறார்கள். மதியச் சாப்பாட்டில் ஒரு ஸ்பூன் நெத்திலிப் பொடி சேர்த்தால் என்ன?

சத்து விஷயம் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. கல்லூரிப் பேராசிரியை வேதவல்லியைச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் ஆழ்வார்திருநகரிக்காரர். பெருமாள் கோயிலை ஒட்டி வீடு. வீட்டுக்குள் முட்டை கூட நுழையாது!

"வேற யாரையாவது கேட்கட்டுமா மேடம்?" என்று தயங்கினேன்.

"ஏன்? நானா சாப்பிடப் போறேன்? குழந்தைகள்தானே சாப்பிடப் போறா" என்றார்.

வெளியூர் கம்பெனி ஒன்றில் பொடி வாங்கி ஆலந்தலை அங்கன்வாடியில் சோதனையைத் தொடங்கினோம். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினோம். டாக்டர் வந்து பிள்ளைகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார். எல்லாம் முறைப்படி.

அடுத்த வாரமே வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் பறந்தது. 'கோழித் தீவனத்துல மிஞ்சுனதை நம்ம பிள்ளையளுக்குப் போடுதாவ!'

மறுநாள் காலை அங்கன்வாடி வாசலில் தாய்மார் கூட்டம். முன்னால் நின்றவர்தான் ஜெசிந்தா. அவர் மகள் அந்த அங்கன்வாடியில்தான் இருந்தாள்.

"எங்க பிள்ளையள் என்ன, கோழிக்குஞ்சா? அந்தப் பொடி எங்கன செஞ்சது, யாரு செஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

பாக்கெட்டில் போட்டிருந்த முகவரியைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

பிரச்னை அங்கன்வாடிகளைக் கவனிக்கும் மாவட்ட அதிகாரியிடம் போனது. அவரும் ஒரு பெண்மணி. ஒரே கையெழுத்தில் திட்டத்தை ரத்து செய்திருக்கலாம்... அதுதான் அவருக்குப் பாதுகாப்பும்கூட. ஆனால் அவர், "இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன். அம்மாக்கள் சரின்னு சொல்ற அன்னிக்குத் திறந்துவிடுறேன்" என்றார்.

ஊர்ப் பொதுக்கூடத்தில் தாய்மாரைச் சந்தித்தோம். நான் படம் போட்டு விளக்க லேப்டாப்பைத் திறந்தேன். அதற்குள் ஜெசிந்தா வேதவல்லியைப் பார்த்துக் கேட்டார்.

"டீச்சர், இதை நீங்க திம்பியளா?"

எனக்கு வியர்த்துவிட்டது. வேதவல்லிக்கு வியர்க்கவில்லை.

"மாட்டேம்மா. எங்காத்துல பழக்கமில்லை. ஆனா இதுல என்ன இருக்கு, என்ன இல்லைன்னு டெஸ்ட் பண்ணி உள்ளதைச் சொல்லுவேன். யார் செஞ்சா உங்களுக்கு நம்பிக்கை வரும்?"

யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"நாங்க செஞ்சா."

லேப்டாப்பை மூடினேன்.

அன்றைக்குத்தான் எங்கள் ஆராய்ச்சி நிஜமாகத் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். பெண்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். மண் ஒட்டாமலிருக்கக் கம்பு நட்டு, வலை கட்டி, அதன்மேல் நெத்திலி காயப்போட்டார்கள். முதல் பொடியை டெஸ்ட் பண்ணிய வேதவல்லி, உப்பு ஜாஸ்தி, பிள்ளைகளுக்கு ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"எங்க கருவாட்டையே குறை சொல்லுதியளா டீச்சர்?" ஜெசிந்தாவுக்குக் கோபம்.

"குழந்தைக்குன்னா சொல்லித்தானே ஆகணும்?"

முணுமுணுத்துக்கொண்டே மறுபடி செய்தார்கள். இந்த முறை சரியாக வந்தது. தாய்மாரே அதிகாரிக்குப் போன் போட்டுச் 'சரி' சொன்னார்கள். அங்கன்வாடியில் முதல் நாள் சாப்பாட்டுக்கு எல்லா அம்மாக்களும் ஆஜர். ஜெசிந்தாவின் மகள் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றாள். ஜெசிந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சில மாதம் கழித்து டாக்டர் மறுபடி ரத்தப் பரிசோதனை செய்தார். பல பிள்ளைகளுக்கு முன்னேற்றம் தெரிந்தது. அறிக்கையில் எங்கள் பெயர்களோடு அந்தப் பெண்களின் பெயர்களும் இருந்தன. அதிகாரி அதை மேலே எடுத்துப் போனார். இப்போது வந்திருப்பது அரசாங்க ஆர்டர் — அக்கம்பக்கத்துக் கடற்கரை அங்கன்வாடிகளிலும் நெத்திலிப் பொடி போடலாம், அதை உள்ளூர்ப் பெண்களே செய்து தரலாம் என்று.

யாருக்கு முதலில் நன்றி சொல்வது? மீன் வாடையோடு லேபில் நின்று, வீட்டுக்குப் போய்த் தலை முழுகிய வேதவல்லிக்கா? ரத்து செய்யாத அந்த அதிகாரிக்கா? வாசலில் வழிமறித்த ஜெசிந்தாவுக்கா? வழிமறிக்கும்போது வலித்தது, உண்மைதான். ஆனால் அவர் கேட்காமல் விட்டிருந்தால், இதுவும் ஒரு டீயோடும் பிஸ்கட்டோடும் முடிந்திருக்கும். கொள்கையைக் காகிதத்தில் எழுத நான் ஒருவன் போதும். அது ஒரு பிள்ளையின் தட்டில் வந்து விழ, இத்தனை பேர் வேண்டியிருக்கிறது.

போனை வைக்கும்முன் ஜெசிந்தா சொன்னார்: "சார், அடுத்த ஆராய்ச்சி என்னன்னு நாங்க பேசி வச்சிட்டோம். நீங்களும் டீச்சரும் ஞாயித்துக்கிழமை மாதா கோயில் பூசை முடிஞ்சதும் வந்துருங்க."

எங்களையும் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி!