மல்லனுக்கு ஒன்று, பண்டிதைக்கு ஏழு

ஒரு இடுப்புக் கச்சையால் ஒரு நல்ல சிநேகிதனை இழக்கப் பார்த்தேன். அது நிஜக் கச்சைகூட இல்லை. தறிக்கான ஜக்கார்டு அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் நீல மையால் நான் எழுதிய மூன்று வரி, அவ்வளவுதான்.

கல்லூரியை முடித்துவிட்டு, பாதி வேலையும் பாதி வேலை தேடலுமாக வீட்டில் எல்லோர் கண்ணையும் உறுத்திக்கொண்டிருந்த காலம் அது. ஞாயிறு மதியம் பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் நாலு பேர் கூடுவோம். நான் கதை நடத்துவேன். மற்ற மூவரும் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடப்பார்கள். குகைக்குள் போகலாமா, பேயோடு சண்டை போடலாமா என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும். முடிவு பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். விதிப் புத்தகத்தை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருந்தோம். அதில் பாதி விதிகள் எங்களுக்குப் பிடிக்காததால் நாங்களே மாற்றிக்கொண்டோம்.

பகடைக்கு இருபது முகம். எவர்சில்வர் தாம்பாளத்தில் உருட்டினால் தெருவுக்கே கேட்கும். நாங்கள் சூதாடுகிறோம் என்று அம்மா முதல் மாதம் முழுக்க நம்பினாள். யாரும் காசு கொண்டு வருவதுமில்லை, கொண்டு போவதுமில்லை என்று தெரிந்த பிறகு, "அப்ப இது எதுக்குடி?" என்று கேட்டாள். அதற்கு எனக்கு இன்றுவரை சரியான பதில் கிடைக்கவில்லை.

அப்பா தறிக்கு டிசைன் அட்டை அடிப்பவர். தப்பாக ஓட்டை விழுந்த அட்டைகள் மாடியில் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். விளையாட்டில் கிடைக்கும் வாள், மோதிரம், மருந்துக் குப்பி எல்லாவற்றையும் அந்த அட்டைகளில் எழுதித்தான் கையில் கொடுப்பேன். புதையல் கிடைத்தவர்கள் ஓட்டை வழியாக ஒரு கண்ணால் என்னைப் பார்ப்பது வழக்கம்.

அந்த மூவரை அவர்கள் எடுத்த வேஷத்தின் பெயராலேயே சொல்கிறேன். பண்டிதை என் பள்ளித் தோழி, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். விளையாட்டில் மந்திரம் தெரிந்தவள், உடம்பில் சுத்தமாகத் தெம்பில்லாதவள். கள்ளன் வாலாஜாபாத்திலிருந்து பஸ் பிடித்து வருவான். நர்ஸிங் முடித்தவன், வாய் ஓயாதவன், ஒரு ஞாயிறும் நேரத்துக்கு வந்ததில்லை. மல்லன் சின்னக் காஞ்சிபுரம். மொபைல் ரிப்பேர் கடையில் வேலை. எங்களைவிட இரண்டு வயது சின்னவன், எங்கள் எல்லோரையும்விடக் குள்ளம். கேட்டால்தான் பேசுவான். அவன் ஏன் மல்லன் வேஷம் எடுத்தான் என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. தமாஷுக்கு என்று நினைத்துக்கொண்டோம்.

விதி இதுதான். வலிமை பத்து என்றால் சாதாரண மனிதன். பத்துக்கு மேல் ஒவ்வொரு இரண்டு புள்ளிக்கும் பகடையில் விழுந்ததோடு ஒன்று கூடும். பத்துக்குக் கீழே போனால் அதே கணக்கில் குறையும். கதையில் ஒரு பெரிய கட்டம் தாண்டினால் ஆளுக்கு இரண்டு புள்ளி தருவேன், எதில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் புத்தி, சாமர்த்தியம், பேச்சு என்று பிரித்துப் போட்டார்கள். மல்லன் ஒவ்வொரு முறையும் வலிமையிலேயே போட்டான். பதினாலில் தொடங்கி இருபதுக்கு வர அவனுக்கு இரண்டு வருடம் ஆனது. பொய் சொல்லத் தெரியாது, பொறி இருந்தால் கண்ணில் படாது. ஆனால் எந்தக் கதவும் அவன் முன்னால் நிற்காது.

திருமுக்கூடலை மனதில் வைத்து நான் வரைந்த மூன்று ஆற்றுக் கூடலில்தான் வினை தொடங்கியது. கயிற்றைப் பிடித்து அக்கரை போகும்போது பண்டிதையின் கை நழுவியது. அவளுடைய வலிமை எட்டு. மல்லன் குதித்து அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தான். கள்ளன் அதை வைத்து ஒரு மணி நேரம் எல்லோரையும் சிரிக்க வைத்தான். பண்டிதை மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே, "எல்லா வாட்டியும் என்னை யாராவது தூக்கிக்கினு போறாங்க. மூட்டை மாதிரி," என்றாள். பள்ளியிலும் அவள் பாடு அப்போது சரியில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

அடுத்த வாரப் புதையலில் கச்சையை வைத்தேன். 'கட்டிக்கொண்டவரின் வலிமை எதுவாக இருந்தாலும் இருபத்திரண்டு ஆகும்.' இதுதான் நான் எழுதியது. 'இரண்டு கூடும்' என்று எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. யார் கட்டினாலும் இருபத்திரண்டு என்றால், உள்ளதிலேயே பலவீனமானவருக்குத்தான் அதிக லாபம் என்பது அன்றைக்கு எனக்கு நியாயமாகவே பட்டது.

பண்டிதை டீச்சர் ஆயிற்றே, அங்கேயே கணக்குப் போட்டுவிட்டாள். மல்லன் கட்டினால் பகடையில் ஒன்று கூடும். அவள் கட்டினால் ஏழு. கள்ளன் அட்டையை மல்லனிடம் நீட்டினான். மல்லன் அதைக் கையில்கூட வாங்காமல், அவங்களுக்கே குடுங்க என்று சொல்லிவிட்டான். எவ்வளவு பெருந்தன்மை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

அதன் பிறகு வழியில் கதவு வந்தால் பண்டிதை உடைத்தாள். பாறை வந்தால் பண்டிதை புரட்டினாள். மந்திரமும் அவளே, மல்யுத்தமும் அவளே. பாவம், வேண்டுமென்று செய்யவில்லை. இரண்டு வருடம் மூட்டையாக இருந்தவள், கொஞ்சம் ஆடித்தான் தீர்த்தாள். மல்லன் சுவரில் சாய்ந்து போனை நோண்ட ஆரம்பித்தான்.

நான் சரி செய்யப் புறப்பட்டேன். கதவுகளைக் கடினமாக்கினேன், பண்டிதையால் திறக்க முடிந்தது, மல்லனால் முடியாமல் போனது. அவனுக்கு ஒரு சம்மட்டி கொடுத்தேன், அடித்தால் மூன்று கூடும் என்று. உடனே கள்ளன் முகம் தொங்கியது. அவனுக்குச் சத்தம் வராத ஒரு ஜோடி செருப்பு. இப்போது எல்லோருக்கும் எல்லாமே சுலபமாகிவிட்டதால் பேய்களைப் பெரிதாக்கினேன். விலைவாசி எப்படி ஏறுகிறது என்று கல்லூரியில் படித்ததையெல்லாம் அந்த இரண்டு மாதத்தில் எங்கள் மாடியிலேயே பார்த்துவிட்டேன். ஒரு ஞாயிறு எல்லோரும் கிளம்பிய பிறகு தாம்பாளத்தைத் தூக்கினால், அடியில் சம்மட்டி அட்டை கிடந்தது. மல்லன் அதை எடுத்துப் போகவே இல்லை.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. கடையில் வேலை என்றான். அதற்கடுத்த வாரமும் அதே பதில். மூன்றாவது வாரம் பதிலே இல்லை. இரண்டு பேருக்காக ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து போக முடியாது என்று கள்ளனும் இழுத்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காகிதத்தில் எழுதிய ஒரு நம்பருக்காக ஒரு மனுஷன் இப்படி முறுக்கிக்கொள்வானா? வராவிட்டால் போகட்டும் என்று வாயால் சொன்னேனே தவிர, ஞாயிறு மதியம் இரண்டு மணி ஆனால் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். அந்த அறையை விட்டால் எங்கள் நாலு பேருக்கும் அப்போது வேறு போக்கிடம் கிடையாது.

வைகாசியில் கருட சேவை வந்தது. விடியற்காலையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்தேன். குடை தெரிந்தது, கருடன் அசைந்து அசைந்து வந்தது. வாகனத்தைத் தோளில் தாங்கும் தண்டுக்கு அடியில் மல்லனின் அண்ணன்கள் இரண்டு பேரைப் பார்த்தேன். அவன் குடும்பம் பெருமாளைத் தோளில் எழுந்தருளப் பண்ணுகிற குடும்பம் என்று எனக்குத் தெரியும். மல்லன் தண்டுக்கு அடியில் இல்லை. வாகனம் நிற்கும் இடத்தில் முட்டுக் கொடுக்கும் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக வந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். பார்க்காதது போலப் போய்விட்டான்.

அன்று மாலை அவன் வேலை செய்யும் கடைக்கே போய் நின்றேன். தப்பிக்க வழியில்லாமல் டீ குடிக்க வந்தான். என்னப்பா கோபம், நேராகச் சொல் என்றேன்.

"கோவம்லாம் இல்லக்கா," என்றான். "தண்டுக்குக் கீழ நிக்கிறப்ப முன்னாடி, பின்னாடி ஆளுங்க எல்லாம் ஒசரமா இருந்தா, தண்டு நம்ம தோள்ல படாது. துண்ட மடிச்சி மடிச்சி வெச்சாலும் படாது. போன வருஷம் நாலு வீதியும் கைய மேல வெச்சிக்கினு சும்மா நடந்தேன். பாக்கறவங்களுக்கு நானும் தூக்குறேன். எனக்குத் தெரியும் இல்ல? அதான் இந்த வருஷம் நானே கட்டைய வாங்கிக்கினேன்."

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவனே முடித்தான்.

"உங்க மாடில மட்டும்தான்கா எனக்கு வெயிட்டு இருந்துது."

அவன் அண்ணன்களுக்குத் தோளில் காய்ப்பு இருக்கும். சட்டைக்கு மேலேயே தெரியும். காலையில் பார்த்த அவன் தோள் வழுவழுவென்று இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

கச்சையைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று பண்டிதையிடம் போனேன். எடுத்துக்கொள் என்று உடனே சொல்லிவிட்டாள். கொஞ்சம் பொறுத்து, அப்ப நான் மறுபடி மூட்டைதான் என்றும் சொன்னாள். அது புகார் இல்லை, உள்ளதைத்தான் சொன்னாள். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு சம்மட்டியையும் செருப்பையும் தூக்கிப் போட்டேன். கதவுகளையும் பேய்களையும் பழைய அளவுக்கே கொண்டு வந்தேன். கச்சையை மட்டும் அவளிடமே விட்டேன். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் பாரம் இருந்தால் இரண்டு பேர் தோளும் வேண்டுமே. இவ்வளவு சின்ன விஷயம் தெரியாமல் இரண்டு மாதம் நம்பரைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மல்லனுக்கு, ஒரே ஒரு ஞாயிறு வா, பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்று மெசேஜ் போட்டேன்.

வந்தான். கதையில் அவர்கள் ஒரு நீர்ச்சுரங்கத்தில் மாட்டிக்கொண்டார்கள். அம்பு பட்டுக் கள்ளன் மயங்கிக் கிடக்கிறான். வெளியே போகும் ஒரே வழியில் கல் கதவு இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒருவர் அதைத் தோளில் தாங்க வேண்டும். ஒருவர் கள்ளனைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு நீரில் கடக்க வேண்டும். நாலு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் கதவின் கனம் ஏறும்.

கச்சையை நீ கட்டிக்கொள், நான் எப்படியாவது இவனை இழுத்துப் போகிறேன் என்றாள் பண்டிதை. மல்லன் வேண்டாமென்று தலையாட்டினான், அது இல்லாமல் அவளால் கள்ளனை அசைக்கக்கூட முடியாது என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"எவ்ளோ விழணும்னு முன்னாடியே சொல்லிடுக்கா. அப்புறம் மாத்தாத."

நான் இளகிப்போவேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நாலு எண்களையும் எல்லோரும் பார்க்க எழுதி வைத்தேன். பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு, இருபத்தொன்று.

முதல் சுற்றில் அவனுக்குப் பதினொன்று விழுந்தது. வலிமையின் ஐந்தோடு பதினாறு. கதவு நின்றது. இரண்டாவதில் பத்து, சரியாகப் பதினைந்து. மூன்றாவதில் பதினேழு, கூட்டினால் இருபத்திரண்டு. கள்ளன் தான் மயங்கிக் கிடப்பதை மறந்து கைதட்டினான். நாலாவது சுற்றில் பண்டிதை கள்ளனோடு அக்கரை ஏறிவிட்டாள், இனி மல்லன் வெளியே வருவதுதான் பாக்கி. மல்லன் பகடையை உள்ளங்கையில் வெகு நேரம் வைத்திருந்துவிட்டு உருட்டினான். பதினைந்து. ஐந்தோடு இருபது.

ஒன்று குறைந்தது. கச்சை கட்டியிருந்தால் அந்த ஒன்று வந்திருக்கும். அது எங்கள் நாலு பேருக்கும் ஒரே நொடியில் தெரிந்தது. பண்டிதை முகத்தை மூடிக்கொண்டாள். நான் எழுதி வைத்த எண்ணையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவன் கேட்டபடி மாற்றவில்லை. கதவு இறங்கிவிட்டது, அதன் அடியிலேயே மல்லன் உயிர் போய்விட்டது என்று சொன்னேன். இரண்டு வருடத்து மல்லன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வலிமைக் கணக்கு எழுதியிருந்த தன் வேஷத்தின் தாளைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

இப்போது கள்ளன் பெங்களூரில், பண்டிதை கல்யாணமாகித் திருவண்ணாமலையில். நான் சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் ரயிலில் அலைகிறேன். அந்த மாடியில் அட்டைக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஞாயிறுகளுக்கு ஏங்காத வாரம் இல்லை. ஆனால் மல்லன் தாளை மடித்து எடுத்துப் போன பிறகு வந்த அந்த ஒரு வாரம் மட்டும் நான் தூங்கவில்லை. இனி அவன் எதற்கு வருவான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு மளிகைக் கடைக்குப் போய்விட்டு ஒன்றரை மணிக்கு வீடு திரும்பினேன். சமையலறையில் மல்லன் குரல். எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டிருந்தான். தரையில் உட்கார்ந்து, ஒரு தோளை உயர்த்தி, கழுத்தைச் சாய்த்து, கல் கதவை எப்படித் தாங்கினான் என்று அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அம்மா கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப கனமாப்பா?" என்றாள்.

"ஆமாம்மா," என்றான். "ரொம்ப கனம்."