என் கிட்டாருக்கு வந்த அன்பளிப்பு

எங்கள் வேதக்கோயில் பாடகர் குழுவில் இருபது வருஷமாக எலக்ட்ரிக் கிட்டார் வாசித்தவன் நான். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். என் வாசிப்பைச் சகித்துக்கொள்வதாக ஊரெல்லாம் சொல்வார். அவர் பாட்டை நான் சகித்துக்கொண்டதை யாரிடமும் சொன்னதில்லை.

போன ஆவணியில் கிட்டாரின் கழுத்துப் பக்கத்துப் பிக்கப் கெட்டுப்போனது. கம்பிக்கு அடியில் காந்தமும் செம்புச் சுருளுமாக இருக்குமே, அதுதான் பிக்கப். அதிர்வைக் கரண்டாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அது. என் கிட்டாரில் இரண்டு உண்டு. கீழே இருப்பது கீச்சென்று பேசும். கழுத்துப் பக்கத்தில் இருப்பதுதான் நல்ல கனத்த தொண்டை. அது இப்போது பாட்டுக்கு நடுவே வண்டு மாதிரி இரைந்தது.

"வே, அறுப்பின் பண்டிகைக்குள்ள அந்த இரைச்சல சரிபண்ணும்" என்றார் தலைமையாசிரியர். "இல்லேன்னா கீபோர்டுல ஒரு பட்டன அமுக்குனா கிட்டார் சத்தம் வருது. அது போதும்னு கமிட்டி சொல்லுது."

கமிட்டி என்றால் அவர்தான். இருபது வருஷம் நின்ற இடத்தை ஒரு பட்டனுக்கு விட்டுக்கொடுக்க நான் என்ன கிறுக்கனா? ராவும் பகலும் போனில் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பழையதன் அதே அளவு, இரையாது, மரத்தைத் தொடவே வேண்டாம்.

அதற்குள் ஷார்ஜாவிலிருந்து மச்சினன் கூப்பிட்டான். "அத்தான், நீங்க சும்மா இரிங்க. லீவுக்கு வரும்போ நான் கொண்டுவாறேன்." படமும் அளவும் அனுப்பிவைத்தேன். அனுப்பி என்ன பிரயோஜனம்? கல்ஃபிலிருந்து வருகிறவன் கேட்டதைக் கொண்டுவந்தால் அவனுக்கு மதிப்பில்லை, கேட்டதைவிடப் பெரிதாகக் கொண்டுவர வேண்டும். தங்க மூடி போட்ட தடித்த இரட்டைச் சுருள் பிக்கப் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தான்.

"கடைக்காரன் உங்க சின்னதத்தான் எடுத்தான். நான் விடல்ல. தூக்கிப் பாருங்க அத்தான், கனமாக்கும்."

ஆட்டுக்கறி வாங்குகிற மாதிரி எடைபோட்டு வாங்கியிருக்கிறான், சவம். வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன். கதவோரம் நின்ற என் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

அதோடு விட்டானா? "கோயில்ல வாசிக்கதுதானே. ஒரு பேரு போட்டிருவோம்" என்றான். எங்கள் கோயிலில் பேரில்லாத பொருள் கிடையாது. பெஞ்சு முதுகில் பேர், தண்ணீர் டிரம்மில் பேர், ஃபேன் இறக்கையில் பேர். ஃபேன் சுற்றும்போது படிக்க முடியாது, கரண்டு போனால் படிக்கலாம். அந்தப் புழுக்கத்திலும் சில குடும்பங்கள் மட்டும் முகமலர்ச்சியோடு உட்கார்ந்திருக்கும்.

புது பிக்கப் பழைய குழிக்குள் நுழையாது, மரத்தைத் தோண்ட வேண்டும். பேரும் வெட்ட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து மச்சினன் என்னை மயிலாடிக்கு, கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டுகிற ஒருவரிடம் கூட்டிப்போனான். அவர் கிட்டாரைத் தட்டிப்பார்த்து, "மரமாக்கும், இல்லியா" என்றார், யாரோ தவறிப்போன வீட்டுக்கு வந்தவர் குரலில். ஆனால் கை சுத்தமான கை. அளந்து, சின்ன மெஷினால் குழியை அகலமாக்கினார். பிறகு கம்பிக்குக் கீழே இருக்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டில் 'அன்பளிப்பு' என்று தொடங்கி மச்சினன் பேர், வீட்டுப் பேர், ஷார்ஜா வரைக்கும் வெட்டி, கறுப்பு மையும் தேய்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிறப்பு, இறப்பு போடாண்டாமா?"

மச்சினன் சிரிக்கவில்லை. நான் வீடு வந்து சேரும்வரை சிரித்தேன்.

மறுநாள் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, பழைய ஒயர்களைக் கழற்றினேன். புதியதன் ஒரு ஒயரை சுவிட்சில் பற்றவைத்தேன். இன்னொன்றை வால்யூம் திருகியின் முதுகில் வைக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டேன். கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே இரண்டு நாணயக் கனம் இடைவெளி விட்டு ஸ்குருவைத் திருகினேன். ஆம்ப்பில் செருகி ஒரு தட்டுத் தட்டினால் இரைச்சல் இல்லை, கீச்சு இல்லை. பாலாடை மாதிரி ஒரு சத்தம். கண் நிறைந்துவிட்டது, சொல்ல எனக்கென்ன வெட்கம். மச்சினன் வாங்கியது சரியாகப் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அறுப்பின் பண்டிகையில் வாசித்தேன். போதகர் மச்சினனை முன்னால் அழைத்தார். தகட்டில் இருந்ததை வாசித்தார். கிட்டாரின் மேல் கைவைத்து, இந்த இசைக்கருவியை உமது ஆலயத்துக்கென்று ஏற்றுக்கொள்ளும் என்று ஜெபித்தார். எல்லாரையும்விட உரக்க ஆமென் சொன்னவன் நான்தான். ஆராதனை முடிந்ததும் தலைமையாசிரியர் கையைப் பிடித்து, "கொள்ளாம்வே, நல்லா இருந்துது" என்றார். என் இடம் தப்பித்தது என்று நினைத்தேன்.

காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் கிட்டாரைக் காணோம். தலைமையாசிரியர் அதைக் கோயில் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

"சார், அது எனக்க கிட்டாரு."

"ஜெபம் பண்ணி ஏத்துக்கிட்ட பொருள வீட்டுக்குக் கொண்டுபோவ முடியுமாவே? பேரப் பாரும். உம்ம பேரு எங்கயாவது இருக்கா?"

இல்லைதான். பக்கத்தில் நின்ற மச்சினன், "அது முறைதான் அத்தான்" என்று தலையாட்டினான். அவன் தந்தது ஒரு பிக்கப். அதைச் சுற்றியிருந்த கிட்டார் முழுக்க என்னுடையது என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வரவில்லை. வரும் ஞாயிறிலிருந்து தன் மருமகன் வாசிப்பான் என்றார் தலைமையாசிரியர். பொதுப் பொருள் என்றால் நாலு பேர் வாசிக்க வேண்டாமா என்று என்னையே கேட்டார். எனக்குத் தொட்டுப்பார்க்க ஆசையிருந்தால் கமிட்டிக்கு எழுதிக்கொடுக்கலாமாம்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். 'எனது கிட்டாரை' என்று தொடங்கினேன். அப்படி எழுதினால் தலைமையாசிரியர் முதல் வார்த்தையோடு மடித்து வைத்துவிடுவார். 'எனது' என்பதை அடித்துவிட்டு 'சபையின்' என்று எழுதினேன். பயிற்சிக்காக ஒரே ஒரு நாள் தந்து உதவும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்தேன்.

பெண்டாட்டி எட்டிப் பார்த்தாள். "தாழ்மையுடன்னு சேருங்க" என்றாள்.

சேர்த்தேன்.