மகளுக்கு ஈடாக ஒரு வேகப்பந்து வீச்சாளர்

என் மகளைக் கொடுத்து ஒரு வேகப்பந்து வீச்சாளரை எடுப்பதென்று எங்கள் துடுப்பாட்டக் கழகம் தீர்மானித்துவிட்ட செய்தியை என் கணவர் சிரித்த முகத்தோடுதான் கொண்டுவந்தார். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இஞ்சேரும், பிரெடெரிசியாக்காரர் எங்கட பிள்ளையைக் கேட்டிருக்கினம்" என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. அவளுக்குப் பதினாறு வயது. "ஆருக்குக் கேட்டவை?" என்றேன்.

"கலியாணத்துக்கு இல்லையப்பா. கிரிக்கெட்டுக்கு."

ஆனால் அவருடைய முகத்தில் இருந்த பெருமிதம் கலியாணத்துக்கு உரியதுதான். நல்ல இடத்திலிருந்து ஆட்கள் வந்து பிள்ளையைக் கேட்டால் ஒரு தகப்பனுக்கு வருகிற பூரிப்பு. கழகத் தலைவர் இவருடைய வேலை இடைவேளையில் தொலைபேசி எடுத்தாராம். இவர் அங்கேயே, தொழிற்சாலையின் பொதிசெய்யும் பகுதிச் சத்தத்துக்குள் நின்றுகொண்டே, ஓம் என்று சொல்லிவிட்டாராம்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் கழகத்தின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கழகம் டென்மார்க்கின் கோல்டிங் நகரில் இருக்கிறது. நாங்கள் கிரின்ஸ்டெட்டில் இருந்து காரில் போய்வருகிறோம். வருடத்தில் ஒரு பொதுக்கூட்டம் நடக்கும், பொரித்த ரோல்ஸும் தேநீரும் இருக்கும், கைதட்டு இருக்கும். ஆனால் எந்த முடிவும் அந்தக் கூட்டத்தில் எடுக்கப்படுவதில்லை. அதற்கு முதல் வாரமே தலைவர் வீட்டுக்கு ஒருவராகத் தொலைபேசியில் கேட்டுவிடுவார். வீட்டுக்கு ஒருவர் என்றால் தகப்பன். கூட்டத்தில் அவர் எழுந்து, ஆருக்கும் மறுப்பு இருக்கோ என்று கேட்பார். ஒருவரும் பேசமாட்டார்கள். ஒருமனதாக நிறைவேறியது என்று செயலாளர் எழுதிக்கொள்வார். சண்டை வராமல் ஒரு சங்கத்தை நடத்த எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த வழி அது, அதில் ஒரு புத்தியும் இருக்கிறதென்றே நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

அந்த வேகப்பந்து வீச்சாளனைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்தில் பாடசாலை அணிக்கு விளையாடியவன், சில வருடங்களுக்கு முன் வேலை விசாவில் வந்து பக்கத்து நகரமான பிரெடெரிசியாவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறான், அங்குள்ள தமிழ்க் கழகத்துக்கு விளையாடுகிறான். முந்திய கோடையில் தமிழ்க் கழகங்களின் சுற்றுப்போட்டியில் அவன் எங்களுக்கு எதிராகப் பந்து வீசியதைப் பார்த்தேன். உதைபந்தாட்டத் திடலின் நடுவில் விரித்த பச்சைப் பாயில் பந்து குத்தியது தெரிந்தது, பிறகு எங்கள் துடுப்பாட்டக்காரரின் நடுத்தடி பின்னால் கிடந்தது. இடையில் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியவில்லை. ஆடியவருக்கும் தெரியவில்லை, அவர் கொஞ்ச நேரம் துடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அரையிறுதி வரை போய்த் தோற்று வருவதே வழக்கமாகிவிட்ட ஒரு அணி இப்படி ஒருவனுக்கு ஆசைப்படுவதைப் பிழை சொல்ல முடியாது.

பிரெடெரிசியாக்காரர் அவனுக்கு ஈடாக இரண்டு பேரைக் கேட்டார்கள். ஒருவர் எங்கள் இடதுகை ஆரம்பத் துடுப்பாட்டக்காரர். அவர் வீடு மாறி அந்தப் பக்கமே போய்விட்டவர், அவருக்கு அது வசதி. மற்றது என் மகள்.

அவள் சுழற்பந்து வீசுகிறவள். அணியில் உள்ள ஒரே பெண். நல்லாக வீசுவாள் என்பது உண்மை, ஆனால் அவளுக்கு விழும் விக்கெட்டுகளில் பாதி வேறொரு காரணத்தால் விழுகின்றன. எங்கள் நடுத்தர வயது ஆண்களுக்கு ஒரு பெண்பிள்ளையின் பந்தைத் தடுத்து ஆடுவது மானப்பிரச்சினை. எல்லைக்கோட்டில் மனைவிமார் இருக்கிறார்கள், மச்சான்மார் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறார்கள். ஆகவே இறங்கி வந்து வானத்துக்கு அடிப்பார்கள். அடித்து, பிடி கொடுத்து, "வெயில் கண்ணில பட்டிட்டுது" என்று சொல்லிக்கொண்டு வெளியே வருவார்கள், மழை இருட்டுக்குள்ளும். இந்தப் பலவீனத்தை எங்கள் கழகத்தைவிடப் பிரெடெரிசியாக்காரர் நன்றாகக் கணக்கிட்டிருந்தார்கள்.

"பிள்ளையைக் கேட்டீங்களோ?" என்று அன்று கணவரிடம் கேட்டேன்.

"அவளுக்குச் சந்தோசம் தானே. விரும்பிக் கேக்கினம்."

அவளோ மேலே தன் அறையில் இருந்தாள். நான் போய்ச் சொன்னபோது கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், பரவாயில்லை அம்மா, எனக்கு எல்லாம் ஒன்றுதான் என்று டேனிஷில் சொன்னாள். அவள் எதையாவது ஒளிக்கும்போது டேனிஷுக்குள் போய்விடுவாள், நாங்கள் தமிழுக்குள் போவதைப் போல. பத்து வயதில் இருந்து அந்தப் பிள்ளைகளோடு விளையாடியவள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நெருங்கிய சிநேகிதம் என்று அதிகம் இல்லை. சனிக்கிழமைகளில் கோல்டிங் போனால்தான் அவள் சத்தமாகச் சிரிப்பதை நான் கேட்பேன்.

உண்மையைச் சொன்னால், அவள் விளையாட்டையே விட்டுவிட்டால் எனக்கு நிம்மதி. ஒரு இலையுதிர்காலத்தில் பயிற்சி முடிந்து திரும்பும்போது மான் ஒன்று எங்கள் காரின் முன் பாய்ந்தது. அதற்குப் பிறகு பொழுதுபட்டால் எனக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்க உள்ளங்கை வியர்க்கும். பந்து முகத்தில் படுமோ, விரல் முறியுமோ, சோதனைப் புள்ளி குறையுமோ என்று ஓயாமல் பயந்து வருகிறவள் நான். ஆனால் அவள் தானாக விடுவது ஒன்று. வேறு ஆட்கள் அவளைத் தூக்கி இன்னொரு ஊரில் வைப்பது வேறொன்று. அன்றிரவு கணவரிடம் நான் கூட்டத்தில் எழும்புவேன் என்று சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை. நான் வேலைசெய்யும் ஆய்வுகூடத்தில்கூட வாய் திறக்காதவள் என்பது அவருக்குத் தெரியும்.

கூட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம், நகரசபையான கொம்யூனிடம் எடுத்த பள்ளிக்கூட மண்டபத்தில். மூவரும் போனோம். பின்வரிசையில், ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல், அந்த வேகப்பந்து வீச்சாளன் இருந்தான். கைதட்டி வரவேற்பதற்காக அவனைக் கூட்டிவந்திருந்தார்கள். தலைவர் சுற்றுப்போட்டியைப் பற்றிப் பேசினார், வெற்றிக் கிண்ணத்தைப் பற்றிப் பேசினார், கடைசியில் வழக்கம்போல ஆருக்கும் மறுப்பு இருக்கோ என்று கேட்டார். செயலாளர் பேனையை ஏற்கனவே தாளில் வைத்துவிட்டார்.

நான் எழும்பினேன். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு மறுப்பு இருக்கண்ணை."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. தலைவர் கெட்ட மனிதரல்ல, எங்கள் பலருடைய பிள்ளைகளைத் தன் காரில் ஏற்றித் திரிந்தவர். மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, உங்கட அவரோட கதைச்சாச்சு. அவர் ஓம் எண்டவர்."

"அவர் பந்து போடுறேல்லை அண்ணை."

சிலர் சிரித்தார்கள். என் கணவர் நிலத்தைப் பார்த்தார். முன்வரிசையில் ஒருவர், அக்கா வீட்டுப் பிரச்சினையை வீட்டில வைச்சுக் கதைச்சிருக்கலாம் என்று எனக்குக் கேட்கும்படியாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அந்த வார்த்தை என்னை முன்னே தள்ளிவிட்டதென்றே நினைக்கிறேன். அதுவரை ஒரு வசனம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடத்தான் நினைத்திருந்தேன்.

நான் அந்த இளைஞன் பக்கம் திரும்பினேன். "தம்பி, உம்மை ஆரும் கேட்டவையோ, இஞ்ச வந்து விளையாட விருப்பமோ எண்டு?"

அவன் சங்கடப்பட்டு எழுந்து நின்றான். "இல்லை அன்ரி. பின்னேரம் ஒரு கூட்டம் இருக்கெண்டு ஏத்திக்கொண்டு வந்தவை. நான் சாப்பாடு எண்டு நினைச்சன்."

இந்தமுறை எல்லோரும் சிரித்தார்கள், தலைவரும்தான். அவன் உட்கார்ந்துவிட்டான். நான் உட்காரவில்லை. இது இந்த நாட்டில் பதிந்த சங்கம், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு அங்கத்தவருக்கும் தனி வாக்கு இருக்கிறது, எழுத்தில் வாக்கெடுப்புக் கேட்டால் நடத்தத்தான் வேண்டும், நான் கேட்கிறேன் என்றேன். எங்கள் பிள்ளைகளின் டேனிஷ் உதைபந்தாட்டக் கழகங்களில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டு வருகிறவர்கள்தானே நாங்கள் எல்லோரும். தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர், அப்படித்தான் இருக்கு அண்ணை, என்றார்.

அப்போதுதான் என் மகள் எழும்பினாள். தமிழில் பேசினாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி வைத்து, காது சிவக்க.

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. அம்மாவும் கேக்கேல்லை. அம்மா பயத்தில கதைக்கிறா. அப்பா பெருமையில கதைக்கிறார். நான் எங்க விளையாடுறது எண்டு எனக்குத் தெரியும். இப்ப நான் போகமாட்டன்."

என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் நான் உட்காரவில்லை, அவள் உட்காரும்வரை நின்றேன்.

வாக்கெடுப்பு நடந்தது. பெடியங்கள் எல்லாம் அவள் பக்கம் போடுவார்கள் என்று நினைத்தேன், அதுவும் பிழை. கிண்ணம் வேண்டுமென்று நினைத்த பிள்ளைகள் பலர் இருந்தார்கள், அவர்களுக்கும் உரிமை இருந்தது. சில வாக்குகளால் மட்டும் தீர்மானம் தோற்றது. கைதட்டல் இல்லை. நான் செய்துகொண்டுபோன ரோல்ஸ் பெட்டியைத் திரும்பக் காருக்குக் கொண்டுவந்தபோது அதில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

அந்தக் கோடையில் நாங்கள் பிரெடெரிசியாவிடமே தோற்றோம். அவன்தான் எங்களை உருட்டினான். அவனுடைய முதற்பந்திலேயே என் மகளின் தடி பறந்தது. எல்லைக்கோட்டில் எங்கள் கழகத்துப் பெண் ஒருவர், நல்ல பந்து, இப்ப எங்களிட்ட இருந்திருக்கும், என்று காற்றிடம் சொன்னார். யாருக்கென்று எனக்குத் தெரியும். நான் தேநீரைக் குடித்துமுடித்து, நல்ல பந்துதான் என்றேன். அன்று எனக்குக் கவலை இருந்தது, பிள்ளை தோற்றதால். கூட்டத்தில் எழும்பியதற்காக வருத்தம் இருக்கவில்லை. இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறவர்களோடு எனக்கு வாதாட நேரமில்லை.

பனிக்காலம் முடிகிற நேரம் அவளுடைய தொலைபேசி ஒலித்தது. அவளுடையது, தகப்பனுடையது அல்ல. எடுத்தது அந்த இளைஞன். பிரெடெரிசியா அணிக்கு இப்போது அவன் தலைவன். யாரையும் ஈடாகக் கேட்கவில்லை. "எங்களிட்ட சுழற்பந்து வீச ஆளில்லை, வந்து ஒருநாள் பயிற்சியைப் பாரும், பிடிக்காட்டி வேண்டாம்" என்று சொன்னானாம். அவள் போய்ப் பார்த்தாள். பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில், என்னையும் தகப்பனையும் மாறிமாறிப் பார்த்து, "நான் போறன்" என்றாள். தமிழில் சொன்னாள். கோல்டிங் தலைவருக்குத் தானே தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள்.

என் கணவர் என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதற்காக அவருக்கு நான் இன்றும் நன்றியுள்ளவள். ஏனென்றால் சொல்வதற்கு அவரிடம் நிறைய இருந்தது.

பிரெடெரிசியா இன்னும் தூரம். அவள் இப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருக்கிறாள், பதினெட்டு ஆகும்வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் ஓட்டலாம். அந்தப் பெரியவர் நான். இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்தபடி போய்வருகிறேன். அவள் வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் கதவைப் பிடிக்கிறேன். அம்மா கையை எடுங்கோ என்கிறாள். எடுப்பதில்லை.

போன கிழமை கோல்டிங்கில் ஒரு பூப்புனித நீராட்டு விழா. சாப்பாட்டு வரிசையில் அன்றைக்கு முன்வரிசையில் இருந்து பேசியவர் எனக்குப் பின்னால் நின்றார். இந்த நாளுக்காக அவர் காத்திருந்தது தெரிந்தது.

"அக்கா, அண்டைக்கு நாங்கள் சொன்னதைத் தானே இப்ப பிள்ளை செய்யிது. அப்பவே விட்டிருந்தா எங்களுக்கு ஒரு கிண்ணமாவது மிஞ்சியிருக்கும்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கத் தயாராகிவிட்டார்கள். கூட்டம் நடந்து ஒரு வருடம் கடந்தும் இப்படி யாராவது அதை எடுத்தால் என் உடம்பு மறுபடி அந்த மண்டபத்தில்தான் நிற்கிறது.

"இல்லைத் தம்பி," என்றேன். "அண்டைக்கு நீங்கள் குடுத்தனீங்கள். இப்ப அவள் போனவள்."

"ரெண்டும் ஒண்டு தானே அக்கா. பிள்ளை அங்க தானே விளையாடுது."

"உங்களுக்கு ஒண்டு. ஏனெண்டா நீங்கள் ஆளைத்தான் எண்ணுறீங்கள்."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். வரிசை நகர்ந்தது. நான் திரும்பி, பரிமாறுகிற பிள்ளையிடம் கத்தரிக்காய்க் கறி கொஞ்சம் கூடப் போடச் சொன்னேன். சாப்பிட்டு முடித்து, விடைபெற்று, காருக்குப் போனேன். மகள் ஏற்கனவே ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள், பயிற்சிக்குப் பிந்திவிட்டதென்று டேனிஷில் முணுமுணுத்தாள்.

பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, போ என்றேன்.