இன்னொரு குடம் தண்ணீர்

ஐயம்பேட்டை போகும் வழியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு நான் மேனேஜராக இருந்தேன். வாசல் புல்வெளியில் முரட்டுப் புல் ஏறிவிட்டது. வளர்த்த புல்லை விட்டுவிட்டுக் களைப்புல்லை மட்டும் சாகடிக்கும் மருந்தை அடிக்க ஒருவர் வந்தார். ஒல்லி உடம்பு. முதுகில் மருந்து டேங்க் உரசும் இடத்தில் சட்டை வெளுத்து நூல் நூலாகத் தெரிந்தது.

வந்ததும் டேங்கைக் கழுவ உட்கார்ந்தார். கழுவுவார், மூடியை முகர்ந்து பார்ப்பார், கொட்டிவிட்டு மறுபடி கழுவுவார். எங்கள் வாட்ச்மேன் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார். ஐந்தாவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை.

“சுத்தமாத்தான இருக்குது? இன்னும் எதுக்குக் கழுவிக்கினு இருக்கீங்க?”

வாட்ச்மேன் குழாயடிக்குப் போகும்வரை அவர் வாய் திறக்கவில்லை.

“முன்ன ஒருக்கா வரப்புக்கு எல்லாத்தையும் கருக்குற மருந்து அடிச்சேன் சார். ஒரே தடவ அலசிட்டு, அதே டேங்க்ல தம்பி நெல்லுக்குக் களைமருந்து அடிச்சிட்டேன். பத்து நாள்ல நெல்லு மொத்தமும் காஞ்சிபோச்சு. களைமருந்து சரியில்லன்னு அவன் கடைக்காரர அடிச்சிட்டு ஜெயிலுக்குப் போனான். கேஸ் செலவுல நெலமும் போச்சு.”

“நீங்க சொல்லலையா?”

“இன்னி வரைக்கும் இல்ல சார்.”

“தம்பி இப்ப எங்க?”

“அதோ, குடம் தூக்கிக்கினு வர்றானே.”

வாட்ச்மேன் குடத்தை இறக்கி வைத்துச் சிரித்தார். “இன்னும் எத்தினி தடவண்ணா கழுவுவ?”

“ஒரே ஒரு தடவடா” என்றார், தலை நிமிராமல்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம், தினமும் காலையில் அந்த வாட்ச்மேன்தான் எனக்குக் கேட்டைத் திறந்துவிட்டார். நானும் சொல்லவில்லை.