நான் கண்டுபிடித்த ஊர்

போன மார்கழியில், ஸ்ரீரங்கத்தில் பகல் பத்து தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நான் அந்தத் தவறைச் செய்தேன். நேரம் வரை சொல்ல முடிவது நாட்குறிப்பு எழுதுகிற பழக்கத்தால்தான். தபால் துறையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஆரம்பித்தது, ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. காவிரியில் தண்ணீர் வந்த நாள், கரண்ட் போன நேரம், படித்து முடித்த புத்தகம், வீட்டுக்கு வந்தவர்கள் சொன்னது என்று எல்லாம் அதில் இருக்கும்.

சனி, ஞாயிறு மாலைகளில் தொலைக்காட்சியில் ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. ஹிந்தியில் எடுத்துத் தமிழில் பேச வைத்தது. ராணுவ அதிகாரிகள் ஐந்து பேர் ஒரு மூடிய அறையில் வரைபடத்தைச் சுற்றி நின்று, எல்லைக்கு அப்பால் ரகசிய நடவடிக்கைகளுக்குத் திட்டம் போடுவார்கள். அதைப் பார்க்க எங்கள் அடுக்ககத்தின் கீழ் வீட்டுப் பெண் எங்கள் வீட்டுக்கு வருவார். புத்தூரில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். கணவர் ராணுவத்தில் மேஜர்.

"உன் வீட்டுக்காரரும் இப்படித்தான் மேப்பைப் பார்த்துக்கிட்டு நிப்பாராம்மா?" என்று என் மனைவி கேட்பாள்.

"அவரா ஆன்ட்டி? காந்தி மார்க்கெட்ல காய்கறி லிஸ்ட்டைக் கையில வச்சுக்கிட்டே வழி தெரியாம நிப்பாரு."

நான் பிழைகளைக் குறித்துக்கொண்டிருப்பேன். போன வாரம் இடது தோளில் குண்டு பட்டவருக்கு இந்த வாரம் வலது தோளில் கட்டு என்றால் சத்தமாகச் சொல்லியும் விடுவேன். "ஏங்க, நாங்க கதை பார்க்கணுமா வேண்டாமா?" என்பாள் மனைவி.

அந்தச் சனிக்கிழமைக் கதையில், ஒரு கர்னல் சின்னச் சின்னத் தடயங்களை வைத்தே எதிரி முகாம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். லாரிகள் போகும் கிழமை, ஒரு சிப்பாய் வீட்டுக்கு எழுதிய கடிதம், அவ்வளவுதான். இதை நானும் செய்வேனே என்று தோன்றியது. மறுநாள் காலை காபி குடித்த கையோடு நாட்குறிப்பைப் பிரித்தேன். கீழ் வீட்டுப் பெண் போகிற போக்கில் சொன்னதெல்லாம் அதில் தேதிவாரியாக இருந்தது. கணவரிடமிருந்து போன் வந்த நாட்கள், வராத நாட்கள், ஒரு டப்பாவில் வந்த உலர்ந்த பழம், அங்கே குழாயிலேயே தண்ணீர் உறைந்துவிடுகிறதாம் என்று அந்தப் பெண் சிரித்தது. பனியால் பாதை மூடியதாகச் செய்தித்தாளில் வந்த நாட்களைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். எல்லாம் ஒரே ஊரைக் காட்டின. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

அதோடு விட்டிருக்கலாம். அந்த நேரம் பார்த்து எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் கேட்டிருந்தார்: "பொங்கல் விழாவுக்கு மேஜர் சாரைச் சிறப்பு விருந்தினரா கூப்பிடலாமா? எங்க இருக்கார், வருவாரா?" நான் ஊர்ப் பெயரோடு, எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும், பாதை திறக்கும்வரை அவர் வர வாய்ப்பில்லை என்பதையும் விரிவாக எழுதி அனுப்பினேன். கைதட்டல் படங்கள் வந்தன. "சார், நீங்க அந்த சீரியல்ல நடிக்க வேண்டியவர்" என்று ஒருவர் போட்டார். மனைவியிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

சிறிது நேரத்தில் கீழ் வீட்டுப் பெண் வந்தார். ஈரத் தலையில் துண்டு சுற்றியிருந்தது.

"அங்கிள், அதை எடுத்துடுங்க."

நான் கேட்டது இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "ஏம்மா, ஊர் தப்பா?"

"தப்பா இருந்தா நல்லா இருக்கும் அங்கிள்."

எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது. "இதோ அழிச்சிடறேன்மா" என்று அவர் எதிரிலேயே அழித்தேன்.

"நீங்க அழிச்சிட்டீங்க. நான் படிச்சிட்டேனே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அவர் எந்த ஊர்னு சொன்னதே இல்ல. கல்யாணமாகி ஆறு வருஷத்துல நானும் கேட்டதில்ல. எங்கயோ இருக்கார்னு இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். இனிமே நியூஸ் போட்டாலே அந்தப் பேரைத்தான் தேடுவேன்."

என் மனைவி காபி என்றாள். அவர் வேண்டாம் என்று இறங்கிப் போய்விட்டார்.

ராணுவத்தினருக்குப் போகும் கடிதங்களை ஆயிரக்கணக்கில் வகை பிரித்தவன் நான். பெயர், படைப்பிரிவு, ஒரு எண், அவ்வளவுதான் முகவரி. ஊர் எழுதிக்கொண்டு வந்தவர்களிடம், "ஊர்ப் பேரெல்லாம் எழுதக் கூடாதுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லித் திருப்பியிருக்கிறேன். எதிரிக்குத் தெரியக் கூடாது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். தெரியாமல் இருப்பதில் வீட்டில் காத்திருப்பவர்களுக்கும் ஒரு நிம்மதி இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

செய்தி யாரிடமெல்லாம் போயிருக்கிறது என்று விசாரித்தேன். குழுவில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டதில், செயலாளர் மட்டும், "சும்மா மச்சானுக்குத்தான் சார் அனுப்பினேன்" என்றார். மச்சானுக்கு மலைக்கோட்டைப் பக்கம் சின்னக்கடைத் தெருவில் துணிக்கடை. ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, கூட்டத்தில் நசுங்கி, கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"இதுக்கா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க? நான் இன்னும் பிரிச்சுக்கூடப் பார்க்கல. எங்க மாமா ஒரு நாளைக்கு நாப்பது அனுப்புவாரு, யாரு படிக்கிறது?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் எதிரிலேயே அழித்தார்.

அதன் பிறகு கீழ் வீட்டுப் பெண் தொடர் பார்க்க வரவில்லை. எங்களுக்கும் அதைப் போட மனம் வரவில்லை.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, செய்தித்தாளின் முதல் பக்கத்தில் பனிச்சரிவு என்று இருந்தது. அடுத்த வரியில் அந்த ஊர்ப் பெயர். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். அவர் வேலைக்குப் போகும் நேரம் தாண்டியும் ஸ்கூட்டி நின்ற இடத்திலேயே நின்றது. மனைவியும் நானும் இறங்கிப் போனோம். தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஸ்கிரீன்ல கீழ அந்தப் பேரு ஓடிக்கிட்டே இருக்கு அங்கிள்" என்றார். பிறகு என் மனைவியிடம், "போன வருஷமும் எங்கயோ பனிச்சரிவு வந்துச்சு ஆன்ட்டி. நான் இட்லி சாப்பிட்டுட்டு டியூட்டிக்குப் போனேன்" என்றார்.

அன்றும் மறுநாளும் என் மனைவி அங்கேயே இருந்தாள். நான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, உள்ளே உட்காரத் தைரியமில்லாமல் வாசலிலேயே நின்று திரும்பினேன். அவர் கணவரின் எண் அணைந்தே கிடந்தது.

வியாழக்கிழமை மதியம் இரண்டு நாற்பதுக்குப் போன் வந்தது. நான் பாத்திரம் எடுக்கப் போயிருந்தேன். "சாப்பிட்டீங்களா?" என்று கணவரிடம் கேட்டார் அந்தப் பெண். சிலிண்டர் வந்துவிட்டது, மோட்டார் ரிப்பேர் என்று வீட்டு விஷயங்களைச் சொன்னார். எங்கே, என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு சோபாவிலேயே படுத்துத் தூங்கிப் போனார். என் மனைவி தொலைக்காட்சியை அணைத்தாள்.

பங்குனியில் மேஜர் விடுப்பில் வந்தார். ஒரு மாலை இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நானே நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"இவ சொன்னா அங்கிள். போன்ல என்ன பேசக் கூடாதுன்னு எங்களுக்குப் பாடமே நடத்துவாங்க. நான்தான் டப்பா அனுப்பி மாட்டிக்கிட்டேன்" என்று சிரித்தார்.

"இனிமே டப்பாவும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்க வந்தாப் போதும்" என்றார் அவர் மனைவி.

நான் கண்டுபிடித்த ஊர் சரிதானா என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மேஜர் திரும்பிப் போய்விட்டார். கீழ் வீட்டுப் பெண் இப்போது மறுபடியும் சனிக்கிழமைகளில் வருகிறார், நாங்கள் ஒரு சமையல் போட்டி நிகழ்ச்சி பார்க்கிறோம். அவர் போன் வந்ததைப் பற்றி ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், நாட்குறிப்பில் எழுதுவதில்லை. அந்த மூன்று நாள் பயத்தை அவருக்குக் கொடுத்தது என் கெட்டிக்காரத்தனம்தான் என்ற நினைப்பு, எதையாவது கண்டுபிடித்துவிட்டேன் என்று மனம் துள்ளும்போதெல்லாம் என் கையைப் பிடித்து நிறுத்துகிறது.